பிலோமினா அக்காவும் என் வேனில் எரிந்த விளக்கும்

பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருந்தபோது அந்தோணி அண்ணன் அழைத்தார். "பிலோ போயிட்டாம்மா. காலையில காப்பி கலக்கிட்டு எழுப்பப் போனேன், எந்திரிக்கல." அதற்குள் மணி அடித்துப் பிள்ளைகள் ஓடி வந்துவிட்டார்கள். கடைசிப் பிள்ளையை வீட்டில் இறக்கிய பிறகுதான் அழுதேன்.

கிள்ளானில் பள்ளி வேன் ஓட்டும் நம்மில் பலருக்குப் பிலோமினா அக்காவின் பட்டறை தெரியும். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவர். கணவர் அந்தோணி அண்ணன் டயர் மாற்றுவார். எஞ்சினில் கைவைப்பது அக்காதான். அவர் சிரித்தால் எதிர்க்கடைக்காரரும் எட்டிப் பார்ப்பார்.

நான் வேன் ஓட்டத் தொடங்கிய புதிதில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. வேறொரு பட்டறையில், எஞ்சினையே இறக்க வேண்டும், வேனை விட்டுவிட்டுப் போங்கள் என்றார்கள். வேன் நின்றால் பெற்றோர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். கலங்கிப்போய் அக்காவிடம் வந்தேன். அவர் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார். "லீன்னு காட்டுது. காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. காத்தை அளக்குற சென்சார்ல அழுக்கு இருக்கும்" என்று அதைக் கழற்றிச் சுத்தம் செய்தார். விளக்கு அணைந்தது.

அந்த வாரமே மறுபடியும் எரிந்தது. எப்படிச் சொல்வது என்று தயங்கி நின்றேன். அக்கா முந்திக்கொண்டார். "நான் தப்பா பார்த்துட்டேன் லதா. நாளைக்கு உன்கூட நானும் வரேன்."

சொன்னபடியே வந்து, மடியில் ஸ்கேனரோடு முன்னிருக்கையில் உட்கார்ந்தார். புது ஆசிரியை என்று நினைத்துப் பிள்ளைகள் "வணக்கம் டீச்சர்" என்றார்கள். "வணக்கம், உக்காருங்க" என்றார் அக்காவும், கொஞ்சமும் சிரிக்காமல். சாலையில் ஓடும்போது ஸ்கேனரில் எண்கள் ஒழுங்காக இருந்தன. பள்ளி வாசலில் எஞ்சினை அணைக்காமல் நின்றதும் ஏறத் தொடங்கின.

"பாரு, ஓடுறப்ப நல்லாத்தான் இருக்கு. நிக்கிறப்பத்தான் பெட்ரோல் பத்தலங்குது. சென்சாருக்குத் தெரியாம எங்கயோ திருட்டுக் காத்து நுழையுது லா."

பட்டறைக்குத் திரும்பி, எஞ்சினுக்குக் காற்றுப் போகும் வழியில் புகையைச் செலுத்தினார். காற்று நுழையும் வெடிப்பு இருந்தால் அதன் வழியே புகை வெளியே வரும். சற்று நேரத்தில், எஞ்சினுக்குப் பின்னால் ஒரு ரப்பர் குழாயின் அடிப்பக்கத்திலிருந்து மெல்லிசாகப் புகை கிளம்பியது. "அந்தோணி, மாட்டிக்கிச்சு!" என்று கத்தினார். குழாய் ஒன்றை மாற்றியதோடு சரி. பள்ளி விடும் நேரத்துக்கு நான் வாசலில் நின்றேன்.

சில நாள் கழித்து அவரே அழைத்தார்.

"லைட் வந்துச்சா?"

"வரலக்கா."

"அப்புறம் ஏன் சொல்லல? ரிப்பேர்னா மட்டும் எல்லாரும் கூப்பிடுறீங்க. நல்லா ஓடுதுன்னும் ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. கேக்க எனக்கும் ஆசையா இருக்காதா?"

அதன்பின் ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் அழைத்து, "நல்லா ஓடுதுக்கா" என்று மட்டும் சொல்வேன். அதற்கே அப்படிச் சிரிப்பார்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு வார்த்தையைத்தான். பிள்ளை வாந்தி எடுத்தாலோ சண்டை போட்டாலோதான் பெற்றோரை அழைப்பது என் வழக்கம். அக்காவை அடக்கம் செய்த மறுநாள், யாரோடும் பேசாத கவின் என்ற பையனை வீட்டில் இறக்கிவிட்டு, வேலையிலிருந்த அவன் அம்மாவை அழைத்தேன். பதறிப்போய் எடுத்தார்.

"ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா. கவின் இன்னிக்கு வேன்ல பாட்டுப் பாடுனான். சும்மா சொல்லலாம்னு."

அவர் மெதுவாக, "என்ன பாட்டு?" என்று கேட்டார்.