எவர்சில்வர் டப்பாவில் பதினேழு கற்கள்

காலை ஏழு மணிக்கு மும்பை தாதரில் இறங்கினேன். கரூரில் ஏறி முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. இடுப்பு என் பேச்சைக் கேட்பதாக இல்லை. தோள்பையில் இரண்டு வேட்டி, ஒரு துண்டு, என் மனைவி சாவித்திரியின் எவர்சில்வர் டப்பா. டப்பாவுக்குள் பதினேழு கற்கள். உண்மையில் இது அவள் வர வேண்டிய பயணம். அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது.

ஐம்பத்தோரு வயதில் அவளுக்குக் கல் பொறுக்கும் ஆசை வந்தது. எங்கள் பக்கம் நல்ல மழை பெய்து ஓய்ந்தால், உழுத நிலத்தில் மண் கரைந்து கற்கள் மேலே தெரியும். குடையோடு கிளம்பிவிடுவாள். கைபேசியில் கல் பிரியர்களின் குழு ஒன்றில் சேர்ந்து, தாராவியில் கல் வியாபாரம் செய்யும் காயல்பட்டினத்துக்காரர் ஹமீதைப் பழக்கம் பிடித்தாள். முதலில் காசு போட்டுக் கல் வாங்காதீர்கள், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். கல் கிடைத்த இடத்தை அன்றைக்கே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் தனித் தாளில் மடித்து வையுங்கள். அவர் குரல் பதிவில் சொன்னதையெல்லாம் இவள் தவறாமல் செய்தாள். நல்லதாகத் தெரிந்தவற்றைக் காங்கேயத்தில் பாலீஷும் போட்டு வாங்கினாள். கேலி செய்வது மட்டும்தான் என் வேலை.

ஒருநாள் வெளிர்நீலக் கல் ஒன்றைக் காட்டி, அக்குவாமரின் என்ற ரத்தினம் என்றாள். "சோடா பாட்டில் ஒடஞ்சது அம்மணி, கையக் கிழிச்சுக்காத" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "பாய்கிட்ட நேர்ல காட்டிப்போட்டு அப்புறம் பேசிக்கறனுங்க" என்றாள்.

அந்தப் பேச்சுதான் பாக்கி நின்றுபோயிற்று. அதற்குப் பதில் வாங்கத்தான் வந்திருந்தேன்.

எட்டு மணி. தாதரிலிருந்து மாட்டுங்கா ஒரே நிலையம், டிக்கெட் ஐந்து ரூபாய். பூக்கடைகளைத் தாண்டி ஒரு ஓட்டலில் இரண்டு இட்லி, எழுபது ரூபாய். சாம்பாரில் வெல்லம். இந்த விலை தெரிந்திருந்தால் சாவித்திரி வீட்டிலேயே உப்புமா கிண்டிக் கட்டிக்கொண்டு வந்திருப்பாள்.

ஒன்பதரைக்கு டாக்ஸி பிடித்தேன். ஓட்டுநர் தாராவியிலேயே பிறந்தவர். "ஊர்லேர்ந்தா வாரிய, அண்ணாச்சி? சொந்தக்காரவுக இருக்காவளா?" என்று கேட்டார்.

"இல்லீங்க. வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சவரு."

"அவுகளயும் கூட்டியாந்திருக்கலாம்லா, பம்பாய் பார்த்த மாதிரி ஆயிருக்கும்."

நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டில் இறங்கும்போது நாற்பத்தொன்பது ரூபாய் காட்டியது.

ஹமீதின் அறை தோல்பைப் பட்டறை ஒன்றுக்கு மேலே இருந்தது. இரும்பு ஏணியில் ஏற வேண்டும். வடக்கே பார்த்த ஒற்றை ஜன்னல், அதன் கீழே வெள்ளைத்தாள் விரித்த மேசை. காலை வெளிச்சத்தில்தான் கல் பார்ப்பாராம். சாவித்திரியின் வீட்டுக்காரர் என்றதும் எழுந்துவிட்டார்.

"வாங்க அண்ணாச்சி, வாங்க! அக்கா வரலியா? ஏழெட்டு மாசமா வாய்ஸே போடல. கோவமோன்னு நெனச்சேன்."

சொன்னேன். அவர் மேசையில் கிடந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் புது வெள்ளைத்தாள் விரித்தார். பிறகு, "காட்டுங்க, பார்ப்போம்" என்றார். டப்பாவை நீட்டினேன், வாங்கவில்லை. கல்லைக் கைக்குக் கை கொடுக்கும் வழக்கம் கல் வியாபாரிகளிடம் இல்லை. மேசையில் வைத்தால்தான் தொடுவார்கள் என்றார், வைத்தேன்.

மூடியைத் திறந்தவரின் முகம் மாறியது. "தாள்லாம் எங்க அண்ணாச்சி?"

தாள்களில் அவள் கையெழுத்து இருந்தது. கசங்கிவிடக் கூடாதென்று அவள் போன மறுவாரமே எல்லாவற்றையும் பிரித்துப் பீரோவில் வைத்துவிட்டு, கற்களை ஒன்றாக டப்பாவில் கொட்டிவைத்தேன். டப்பாவைக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும். வீட்டில் ஆள் நடமாடுவது போல இருக்கும். ஏழு மாதமாகத் தினமும் குலுக்கிக்கொண்டிருந்தேன். அதையும் சொன்னேன்.

அவர் லென்ஸை என்னிடமே தந்தார். பால்போல இருந்த சந்திரகாந்தக் கற்கள் முழுக்கக் கீறல். ஊதாநிறச் செவ்வந்திக்கற்களின் விளிம்பு மழுங்கியிருந்தது. அவள் ஈரத்தில் குனிந்து குனிந்து எடுத்த ஒவ்வொன்றையும் நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பாழாக்கியிருந்தேன்.

கடைசியாக நீலக் கல்லை எடுத்தார். ஜன்னல் பக்கம் திருப்பினார், இன்னொரு கருவியிலும் வைத்துப் பார்த்தார்.

"இதுல ஒரு கோடு இல்ல பாருங்க. பாட்டில்னா மொதல்ல இதுதான் தேஞ்சிருக்கும். மத்ததையெல்லாம் கீறுனதே இதுதான், அவ்வளவு கெட்டி. அக்குவாமரின். சின்னக் கல்லு, பெரிய வெல போவாது. ஆனா அசலு. அக்கா கண்ணு தப்பல."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். கீறல்களைப் பாலீஷ் போட்டு எடுத்துவிடலாம், கல் கொஞ்சம் குறையும் என்றார். குறைய வேண்டாம் என்றேன்.

பதினாறு கற்களைப் புதுத் தாளில் தனித்தனியாக அவரே மடித்துத் தந்தார். நீலத்துக்கு மட்டும் தாள் வாங்கவில்லை. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் திரும்பும் ரயிலில் ஏறினேன். அதன் தாள் வீட்டில் இருக்கிறது. எழுதியிருப்பது மனப்பாடம்: "நீலம். மேட்டுக்கிணற்று வயல். மழைக்கு மறுநாள். அக்குவாமரின் என்று நினைக்கிறேன். அவர் பாட்டில் என்கிறார்."

பாய் சொல்லப்போவதை எழுத, அதன் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு இடம் விட்டிருக்கிறாள். இப்போது டப்பாவைக் குலுக்கினால் சத்தம் வருவதில்லை.