மத்தியானத் தூக்கமும் இரண்டு பற்களும்

எங்கள் குடும்பத்தில் பல் வரும், போகும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. என் அண்ணன் நாற்பது வயதுக்குள் கீழ்வரிசையை முழுசாகத் தொலைத்துவிட்டு, கோழிக்காலை இன்னும் எலும்போடு கடிப்பதாகக் கல்யாண வீடுகளில் பீற்றிக்கொள்வான். எனக்கு முன்பல் ஒன்று பொய்ப்பல். வாய்விட்டுச் சிரித்தால் ஆடும் என்பதால் நான் பெரும்பாலும் மூக்காலேயே சிரித்துவிடுவேன். இந்த லட்சணத்தில், என் மகளுக்கு முதல் பல் முளைக்கும் முன்பே, என் மனைவி ஈரத்துணியை விரலில் சுற்றி அவள் ஈறுகளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"இல்லாத பல்லுக்கு எதுக்கு இவ்ளோ கவனிப்பு?" என்று கேட்டேன்.

"இருக்கிற பல்ல காப்பாத்த தெரியாதவங்க பேசக்கூடாது," என்றாள்.

நான் லிங்கிப் பக்கம் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறேன். விடியும் முன்னே கிளம்பினால் ஒரு மணிக்கு வேலை முடிந்துவிடும். மனைவிக்கு நீலாய் டவுனில் ஃபேக்டரி வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் ஏழு மணிக்குத்தான் வீடு திரும்புவாள். அதனால் காலையும் இரவும் பல் விளக்கிவிடுவது அவள் பொறுப்பு. மத்தியானம் என் ஆட்சி. பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து பிள்ளையை வாங்கி வந்து, சோறு ஊட்டி, தூங்க வைக்க வேண்டும். என் ஆட்சியில் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: அப்பா தூங்க வேண்டும்.

மனைவியின் சட்டம் வேறு. படுக்கும்போது போத்தலில் தண்ணீர் மட்டும்தான் இருக்க வேண்டும். மகள் அந்தத் தண்ணீரை ஒரு வாய் உறிஞ்சிப் பார்த்துவிட்டு போத்தலை என் மூஞ்சியிலேயே எறிவாள். அப்புறம் சுவர் ஏறுவாள், என் வயிற்றின் மேல் குதிப்பாள். காலை நாலரைக்கு எழுந்தவன் எத்தனை நாள் தாங்குவான்? ஒரு நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு கரண்டி டின் பாலை, அந்தக் கெட்டியான இனிப்புப் பாலை, கலந்து கொடுத்தேன். ஐந்தே நிமிடம். வாயில் போத்தல் சூப்பியை வைத்தபடியே தூங்கிவிட்டாள். ஆறாவது நிமிடம் நானும் தூங்கிவிட்டேன். எழுந்ததும் போத்தலைக் கழுவி, டின்னை அரிசி வாளிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். "அம்மாகிட்ட சொல்லக்கூடாது" என்று மகளுக்கும் பாடம் நடத்தினேன். இதைப் பொய் என்று நான் நினைக்கவில்லை. குடும்ப நிர்வாகம் என்று நினைத்தேன்.

இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. அவளுக்கு மூன்றரை வயதானபோது, மனைவி அவள் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். முன்பற்களில் ஈறை ஒட்டி, சுண்ணாம்பால் இழுத்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. சில மாதங்களில் அந்தக் கோடு பழுப்பாகி, பல்லின் ஓரம் உதிர ஆரம்பித்தது.

"நான்தான் சரியா விளக்கல போல," என்றாள் மனைவி.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். என் பொய்ப்பல்லைக் காட்டி, "பரம்பரை அப்படிலா, விடு," என்றேன்.

அவள் விடவில்லை. பஸ்ஸுக்குப் போகும் அவசரத்திலும் பத்து நிமிடம் முன்னதாக எழுந்தாள். பிள்ளையை மடியில் உட்கார வைத்து, தலையைத் தன் நெஞ்சில் சாய்த்து, சின்ன பிரஷ்ஷில் துளியூண்டு பேஸ்ட்டை வைத்து, ஒவ்வொரு பல்லாக விளக்கினாள். அவள் எழுவது எனக்குத் தெரியும். அவள் எதற்காகத் தன்னையே குறை சொல்லிக்கொள்கிறாள் என்பதும் தெரியும். வெட்கமாக இருந்தது. அதனால் டின் பாலை இரண்டு கரண்டியிலிருந்து ஒன்றரையாகக் குறைத்தேன். என்னால் முடிந்த தியாகம் அவ்வளவுதான்.

மகளைப் பாலர் பள்ளியில் சேர்த்த சில வாரங்களில் பல் கிளினிக்கிலிருந்து ஆட்கள் வந்து, எல்லாப் பிள்ளைகளின் வாயிலும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் கடிதம் வந்தது. மனைவி லீவு எடுத்தாள். மூன்று பேரும் போனோம். பல் நர்ஸ் ஒரு தமிழ்ப் பெண். என் தங்கை வயதிருக்கும். மகளின் வாயைப் பார்த்ததுமே கேட்டார்.

"அக்கா, போத்தல்ல என்னா குடுக்குறீங்க?"

"தண்ணிதான் சிஸ்டர். எனக்குத்தான் விளக்க தெரியல போல."

நான் சுவரில் ஒட்டியிருந்த முதலைப் படத்தை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலைக்கு எல்லாப் பல்லும் இருந்தது.

நாற்காலியில் படுத்திருந்த மகள் நர்ஸின் விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா டின் பால் குடுக்கும். அம்மாகிட்ட சொல்லக்கூடாது."

மனைவி என் பக்கம் திரும்பினாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். நர்ஸ்தான் பேசினார்: "அண்ணே, பால வாயில வச்சிக்கிட்டே தூங்குனா அந்த இனிப்பு பல்லுலயே ஊறிக்கிட்டு கிடக்கும். அக்கா எப்படி விளக்குனாலும் தாங்காது."

நடுவில் இருந்த இரண்டு பல்லிலும் சீழ் வைத்திருந்தது. பிடுங்கத்தான் வேண்டும் என்றார் டாக்டர். மகளை என் மடியில் உட்கார வைத்து இரண்டு கைகளையும் பிடிக்கச் சொன்னார்கள். மரத்துப்போக ஊசி போட்டும் அவள் உடம்பெல்லாம் நடுங்கியது. "அப்பா, அப்பா" என்று என்னைத்தான் கூப்பிட்டாள். நான் அழுதேன். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியபோது டாக்டரையே கெட்ட வார்த்தையில் திட்டியவன் நான். அன்றைக்கு டாக்டர் சொன்னபடி அவள் கைகளை விடாமல் பிடித்திருந்தேன்.

திரும்பும்போது பஞ்சைக் கடித்தபடி அம்மாவின் தோளில் தூங்கிவிட்டாள். போத்தல் இல்லாமல், எதுவுமே இல்லாமல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் படுக்கப் போனேன். தலையணைப் பக்கத்தில் போத்தல் இருந்தது. நிறைய டின் பால், சூப்பியோடு.

"நீங்களே குடிச்சிட்டு தூங்குங்க," என்றாள் மனைவி. அதன் பிறகு அதைப் பற்றி அவள் என்னிடம் பேசவே இல்லை.

இப்போது நான் மத்தியானத்தில் தூங்குவதில்லை. மகள் என் வயிற்றின் மேல் குதிக்கிறாள், நான் படுத்துக் கிடக்கிறேன். அவள் சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்க வைப்பதும், உதட்டைத் தூக்கி மற்ற பற்களைப் பார்ப்பதும் என் வேலை. புதுப்பல் முளைக்க இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆகுமாம். அவளுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. என்னை மாதிரி மூக்கால் சிரிக்காமல், அந்த ஓட்டை முழுசும் தெரியச் சிரிக்கிறாள். கோயிலில், கடையில், பாலர் பள்ளி வாசலில் யாராவது "பல்லு எங்கடா செல்லம்?" என்று கேட்டால், அம்மா சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொல்கிறாள்.

"அப்பாவுக்கு தூக்கம் வந்துச்சு."

கேட்டவர்கள் புரியாமல் என்னைப் பார்க்கிறார்கள். நான் ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.