ஒத்துக்கொண்ட கல்

மலையை விட்டு இறங்கியதிலிருந்து ஐயம்பெருமாளைச் சனி பிடித்திருப்பதாக ஜோசியர் சொன்னார். மாஞ்சோலையில் முப்பது வருஷம் தேயிலைக்குக் கவாத்து வெட்டியவரை இறக்கிவிட்டது தோட்டம்தான். ஆனால் தோட்டத்துக்குப் பரிகாரம் கிடையாது, சனிக்கு உண்டு. நீலக்கல்.

அம்பாசமுத்திரம் கடைத்தெருவில் கல் விற்கும் அசன் முகம்மது பாயின் குடும்பம், பாட்டனார் காலத்தில் கொழும்பிலிருந்து இடுப்பு வாரில் கல் முடிந்து வந்த குடும்பம்.

"இலங்கையில ஆத்து மண்ணை அரிச்சு எடுத்தது வே. ராஜாமாரு கிரீடத்துல வச்ச கல்லு" என்று ஐயம்பெருமாளிடம் நீட்டினார் பாய்.

ராஜாக்கள் போய்விட்டார்கள், கல் இருக்கிறது. அதை யாரும் யோசிப்பதில்லை.

"நீலம் ஒத்துக்கிட்டா தூக்கி வைக்கும், ஒத்துக்கலேன்னா குடியக் கெடுக்கும். மூணு நாள் கையில கட்டிப் பாரும். கெட்டது நடந்தா செவ்வாக்கிழமை காலையில திருப்பித் தாரும். நடக்கலேன்னா துட்டக் கொண்டாரும்" என்று ஆதார் நகலை வாங்கி வைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை வலது புஜத்தில் நீலத் துணியில் கட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஐயம்பெருமாள் முகம் மழிக்கவில்லை, கீறிவிட்டால்? மீனும் தொடவில்லை, முள் குத்திவிட்டால்?

திங்கட்கிழமை பத்து மணிக்குச் சேரன்மகாதேவி அரிசி ஆலையில் காவலாளி வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஐம்பத்தாறு வயதுக்காரரை இரண்டு வருஷத்தில் வரச் சொன்ன ஒரே இடம்.

"ஏங்க, எட்டேகால் பஸ்ஸு போயிரும். சட்டையத் தேச்சு வச்சிருக்கேன்" என்றாள் மனைவி மாரித்தங்கம்.

"போனா முதலாளி வேலை இல்லம்பாரு. அப்புறம் கல்லு ஒத்துக்கலேன்னு ஆயிரும்லா?"

"போகாட்டி?"

"போகாட்டி அவரு எப்படி இல்லேன்னு சொல்ல முடியும்?"

"அப்ப அந்தக் கல்லக் கழத்தி வச்சிட்டுப் போங்க."

"கழத்துனா திரும்ப முதல்லேருந்து மூணு நாளு."

மாரித்தங்கம் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு அடுப்படிக்குப் போனாள். பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அன்று முழுக்க ஐயம்பெருமாள் வீட்டில் ஒரு தம்ளர்கூடக் கீழே விழவில்லை.

செவ்வாய்க்கிழமை ஏழரைக்கு ஆலையிலிருந்து போன் வந்தது. வேறு ஆளைப் போட்டுவிட்டார்களாம்.

ஐயம்பெருமாள் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு பாய் கடைக்குப் போனார்.

"கெட்டது ஏதும் நடந்துதா வே?"

ஐயம்பெருமாள் கணக்குப் போட்டார். மூன்றாம் இரவு ஆறு மணிக்கே விடிந்துவிட்டது. போன் வந்தது ஏழரைக்கு.

"மூணு நாளும் ஒண்ணும் நடக்கல பாய்."

"அப்ப ஒத்துக்கிட்டுது. குடுத்து வச்ச ஆளு வே நீரு! எங்கன வேலை பாக்கீரு?"

"இனிமேதான் தேடணும்."

"இனி என்ன பயம்? கல்லு இருக்குல்லா?"

தோட்டம் கொடுத்தனுப்பிய பணத்தில் மிச்சமிருந்ததை ஐயம்பெருமாள் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்தார். மோதிரத்துக்கு அளவெடுக்க விரலை நீட்டினார். பாய் இரண்டு வளையம் போட்டுப் பார்த்தார். இரண்டும் கழன்று விழுந்தன.

"மெலிஞ்சு போயிட்டீரே வே" என்றபடி, சின்ன வளையமாகத் தேடினார்.