அம்மாவுக்கு இன்னொரு மகள்

எங்கள் மாடியில் குடியிருந்த டச்சுக்காரரின் தாயார் மார்கழி, தை இரண்டு மாதமும் பெசன்ட் நகரில் தங்கியிருந்தார். வயது தொண்ணூறை நெருங்கியிருந்தது. நான் ஆங்கில டீச்சர் என்பதால் சாயங்காலம் அவரைக் கடற்கரைக்கு அழைத்துப்போகும் வேலை என்னிடம் வந்தது.

ஒருநாள் அவர் தன் சிறுவயதைச் சொன்னார். நாஜிகள் அவர்கள் நாட்டில் யூதர்களைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த காலம். செருப்பு தைக்கும் அவருடைய அப்பா, ஒரு யூதச் சிறுமியை வீட்டில் வைத்துக் காப்பாற்றினார். ஊருக்குச் சொன்னது, அவள் பெரியம்மா மகள் என்று.

"என் கட்டில்ல பாதி அவளுக்கு. அதுகூடப் பரவாயில்ல. அவளுக்குத் தலை வாரும்போது எங்கம்மா பாடுவாங்க. எனக்குப் பாடினதே இல்ல."

அப்போது இவருக்கு ஏழு வயது. பொறுக்கமாட்டாமல் பக்கத்து வீட்டுக்காரியிடம் போய், "அவ எங்க சொந்தம் இல்ல" என்று சொல்லிவிட்டாராம். அது வெளியே போயிருந்தால் வீட்டில் அத்தனை பேர் உயிரும் போயிருக்கும். பக்கத்து வீட்டுக்காரி மாவுக்கையைத் துடைத்துக்கொண்டே, "எனக்குத் தெரியும். வேற யார்கிட்டயும் சொல்லாத. வீட்டுக்குப் போ" என்றாளாம்.

போர் முடிந்தது. சிறுமியின் பெற்றோர் திரும்பவில்லை. மாமா வந்து கூட்டிப்போனார்.

"எங்கம்மா ஒரு மாசம் அழுதாங்க. நான் செத்திருந்தா இவ்வளவு அழுதிருப்பாங்களான்னு இருந்துச்சு."

"இன்னுமா அந்தப் பொறாமை?"

"இன்னும்தான்."

எனக்கும் ஒருத்தி இருந்தாள். சுனாமியில் தாயை இழந்தவள். நொச்சிக்குப்பத்திலிருந்து அம்மா கூட்டிவந்தாள். எனக்குப் பதினொன்று, அவளுக்கு ஒன்பது. கிறிஸ்துமஸுக்கு நான் ஒரே ஒருநாள் போட்ட புது கவுன் அந்த வாரமே அவள் உடம்பில் இருந்தது. அம்மா அவளுக்குச் சோறு ஊட்டியதைப் பார்த்த அன்று, சமையலறைக்குப் பின்னால் வழிமறித்து, "உங்க வீட்டுக்குப் போயேன்டி" என்றேன்.

"வூடு எங்க கீது?" என்றாள். கோபமாகக்கூட இல்லை. அம்மாவிடம் சொல்லவும் இல்லை. மூன்று மாதம் கழித்து அவளுடைய சித்தி வந்து அழைத்துப்போனாள்.

இதைக் கேட்ட அந்த மூதாட்டி, "மன்னிப்பு கேட்டியா?" என்றார். இல்லை என்றேன். "நானும் கேக்கல. இப்ப கேக்க அவ இல்ல."

வீட்டுக்கு வந்தபோது அம்மா போனில், "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாகியும் ஞாயிறு தவறாமல் அந்த நொச்சிக்குப்பத்துப் பெண் கூப்பிடுகிறாள். போனை வாங்கி, அன்றைக்கு அப்படிச் சொன்னது தப்பு என்று திக்கித் திணறிச் சொன்னேன்.

சிரித்தாள். "அத்த இன்னுமா நெனச்சுக்கினு கீற? வுடுக்கா. அம்மாகிட்ட குடு."

கொடுத்தேன். அம்மா போனோடு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முக்கால் மணி நேரம் பேசினாள். என்ன பேச இருக்கிறதோ.