சீடர் மரமும் ஈட்டி மரமும்

எனக்குக் காது கேட்காது என்பது புனே போபோடியில் எங்கள் சந்துக்கே தெரியும். கேட்கும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஏழு வயதில் இரண்டு காதிலும் சீழ் பிடித்து, ஆபரேஷன் செய்து, மாதக்கணக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு திரிந்தேன். பஞ்சை எடுத்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் என்னிடம் கத்திப் பேசுவது எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது. அப்பா என்னைச் சாப்பிடக் கூப்பிட்டால் எதிர்வீட்டு மராத்திக்காரர்கள் கதவைத் திறந்து பார்ப்பார்கள். "எனக்கு நல்லா கேக்குது" என்று நானும் பல தடவை சொல்லிப் பார்த்தேன். "என்னது?" என்று உரக்கக் கேட்பார்கள். பிறகு விட்டுவிட்டேன்.

எங்கள் தமிழ்ச் சபையில் பாட்டுக்குழுவை நடத்தியவரைப் பாட்டு சார் என்றே எல்லாரும் கூப்பிடுவோம். வாரநாட்களில் ஏதோ ஆபீசில் குமாஸ்தா, ஞாயிற்றுக்கிழமை ராஜா. எனக்குப் பத்து வயதான வருஷம், கிறிஸ்துமஸுக்குப் பாடும் பிள்ளைகளில் என்னைக் கடைசி வரிசையில் நிறுத்தினார். முகமெல்லாம் கருணையாகக் குனிந்து, என் காதருகே வந்து, கோவிலே கேட்கும்படி சொன்னார்: "நீ சத்தம் போட வேண்டாம்மா. வாயை மட்டும் அசைச்சாப் போதும்."

நான் வாயை மட்டும் அசைத்தேன். பக்கத்தில் நின்ற பையன் அரை சுருதி தாழ்ந்து பாடிக்கொண்டிருந்தான். அவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சபையின் பழைய கிதார் உடைந்தது. புதிது வாங்க வேண்டும் என்றதும் மாமா கையைத் தூக்கினார். மாமா அம்மாவின் தம்பி. ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை, சாங்வியில் வாடகை அறை, சனி ஞாயிறு எங்கள் வீட்டில் சாப்பாடு. மாமாவுக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. மற்றபடி கிதாரைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. வீடியோ வீடியோவாகப் பார்த்து, எந்த மரத்தில் செய்தால் எப்படிச் சத்தம் வரும் என்று ஒரு வனத்துறை அதிகாரி போலப் பேசுவார்.

ஒரு சனிக்கிழமை மதியம் கேம்ப் பஜாரில் இருந்த இசைக்கருவிக் கடைக்கு மாமாவும் பாட்டு சாரும் கிளம்பினார்கள். திரை போடத் துணி வாங்க வேண்டும் என்று அம்மாவும் சேர்ந்துகொண்டாள். என்னை வீட்டில் தனியாக விட முடியாது என்பதால் நானும்.

கடைக்காரர் மராத்திக்காரர், அப்பா வயது. மரியாதைக்கு மராத்தி வழக்கப்படி "காக்கா" என்று கூப்பிட்டேன். பாட்டு சார் திடுக்கிட்டு, தெருவில் பறவை ஏதும் வந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்தார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே நான்கு கிதார்களை எடுத்து வைத்தார். ஒரே பட்டறை, ஒரே அளவு, ஒரே மாதிரிக் கம்பிகள். மரம் மட்டும்தான் வேறு. முன்பலகைதான் பாடும், பின்பலகை அதற்கு நிறம் சேர்க்கும் என்று இந்தியில் சொன்னார். எங்கள் எல்லாருக்கும் இந்தி தெரியும் என்றாலும் மாமா அதைத் தமிழில் மொழிபெயர்த்தார்.

"முதல்ல இருக்கிறது ஒட்டுப்பலகை சார், பிளைவுட். ரெண்டாவது, முன்னால ஸ்ப்ரூஸ், பின்னால மஹாகனி. மூணாவது, முன்னால சீடர்."

"எந்தச் சீடர்?" என்றார் பாட்டு சார் பயபக்தியுடன். "பேதுருவா, யோவானா?"

"மரம் சார், மரத்துக்குப் பேரே சீடர். நாலாவதுல முன்னால அதே ஸ்ப்ரூஸ், பின்னால நம்ம ஊரு ஈட்டி மரம். ரோஸ்வுட்."

கடைக்காரர் ஒவ்வொன்றையும் ஒருமுறை மீட்டிக் காட்டினார். நான் அம்மாவின் பின்னால் நின்று கேட்டேன். ஒட்டுப்பலகை, பிஸ்கட் டப்பாவுக்குள்ளிருந்து யாரோ பேசுவது போலிருந்தது. மஹாகனி நேராகப் பேசியது; சொல்ல வேண்டியதைச் சொல்லி உடனே நிறுத்திக்கொண்டது. சீடரை லேசாகத் தொட்டதுமே வெதுவெதுப்பாக வாய் திறந்தது. ஈட்டி மரத்தில் அடிக்கம்பியின் சத்தம் தரைக்குக் கீழே போய் வந்தது. கையை எடுத்த பிறகும் மேலே மெல்லிய மணியோசை போல ஒன்று மிச்சமிருந்தது. நான்கும் நான்கு ஆட்கள். இதில் என்ன சந்தேகம் என்று நினைத்தேன்.

பாட்டு சாருக்குச் சந்தேகம் இருந்தது. "எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குது தம்பி. கட்டில் செஞ்சா கட்டில், கிதார் செஞ்சா கிதார். மரத்துல என்ன இருக்கு? இந்தப் பிளைவுட்டையே எடுத்துருவோம்."

மாமாவுக்குச் சுருக்கென்றது. "நான் திரும்பி நிக்கேன். எதை வேணாலும் வாசிக்கச் சொல்லுங்க. கண்ணை மூடிக்கிட்டே சொல்லுதேன்."

திரும்பி நின்றார். கடைக்காரர் வாசித்தார். மாமா தலையை ஆட்டி ரசித்து, "ஆகா. ஈட்டி மரம். என்ன ஆழம்!" என்றார்.

அது ஒட்டுப்பலகை.

பாட்டு சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமாவின் காதுமடல் சிவந்துபோனது. எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, அது டப்பா மாதிரி கேட்டுச்சுல்லா? அதுகூடவா தெரியல?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாட்டு சார் கருணையோடு அம்மாவிடம், "பாவம், பிள்ளைக்கு என்ன கேட்டுதோ" என்றார். வெள்ளத்தில் போகிறவன் கிளையைப் பிடிப்பது போல மாமா என் தோளைப் பிடித்தார். "அப்ப இவ சொல்லட்டும் சார். எல்லாத்தையும் சரியாச் சொல்லிட்டா இவளை முன்வரிசையில விட்டுப் பாட வைக்கணும். சரியா?"

"சொல்லட்டுமே" என்றார் பாட்டு சார். ஆனால் கடைக்காரர் வாசிக்கக் கூடாது, விலை கூடியதை அவர் வேண்டுமென்றே ஓங்கி வாசிப்பார் என்றார். அப்படியானால் யார்?

"அக்கா வாசிப்பா" என்றார் மாமா.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கிதார் வாசிப்பாள் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். "சும்மா இருல. கல்யாணத்துக்கு முன்னால வாசிச்சது. கையெல்லாம் மறந்துபோச்சு" என்றாள். வாய் அப்படிச் சொன்னாலும், துணிப் பையைக் கீழே வைத்துவிட்டு ஸ்வெட்டர் கையை மடித்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு சார் தன் மஃப்ளரால் என் கண்ணை இறுக்கிக் கட்டிச் சுவரைப் பார்க்க நிறுத்தினார். பின்னால் முக்காலி இழுபடும் சத்தம். அம்மா ஒரு பழைய ஆராதனை மெட்டைத் தொடங்கினாள். முதலில் விரல்கள் தடுமாறின. பிறகு வழி கிடைத்துவிட்டது.

"சீடர்" என்றேன்.

அடுத்தது வந்தது.

"மஹாகனி."

அதற்கடுத்தது. "இது டப்பா." கடைக்காரர் "வாஹ்!" என்றார்.

கொஞ்சநேரம் காலடிச் சத்தங்கள், சைகை செய்யும்போது வளையல் உரசும் ஓசை. மறுபடி அதே மெட்டு. எனக்குக் குழப்பமாக இருந்தது. மிச்சம் இருந்தது ஈட்டி மரம்தான்; ஆனால் வந்த சத்தம் நேராகப் பேசி நிறுத்திக்கொண்டது. தப்பாகச் சொன்னால் ஆயுளுக்கும் வாயை மட்டும் அசைக்க வேண்டும். இருந்தாலும் கேட்டது அதுதானே.

"இது புதுசு இல்ல. ரெண்டாவது வாசிச்சதையே திரும்ப வாசிக்கீங்க."

"எப்பா!" என்று பாட்டு சார் சொன்னது கேட்டது. அது அவர் வைத்த பொறி.

கடைசியாக நான்காவது கிதார். முதல் கம்பி அதிர்ந்ததுமே தெரிந்துவிட்டது. "ஈட்டி மரம்!" என்று கத்தினேன். அம்மா நிறுத்தவில்லை. அந்த மெட்டு முடிந்து, நான் கேட்டே இராத வேறொரு பாட்டுக்குள் போய்விட்டாள். ஒவ்வொரு வரி முடிவிலும் அந்தச் சத்தம் கரைகிறவரை காத்திருந்து அடுத்ததைத் தொட்டாள். எனக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்று கூடுதல் நேரம் தருகிறாளாக்கும் என்று நினைத்து, "அம்மா! ஈட்டி மரம்மா!" என்று இன்னும் உரக்கக் கத்தினேன். எங்கள் குடும்பத்தில் வேறொருவருக்குக் காது கேட்காமல் போனது அன்று ஒருநாள்தான்.

மஃப்ளரை அவிழ்த்தபோது கடை வாசலில் கூட்டம் நின்றிருந்தது. கடைக்காரர் கைதட்டினார், எல்லாரும் தட்டினார்கள். மாமா என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டு, தானே எல்லாவற்றையும் சரியாகச் சொன்னது போல நாலா பக்கமும் தலையசைத்தார். பாட்டு சார் பெரிய மனுஷர்தான். என்னை அண்ணாந்து பார்த்து, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத குரலில், "முன்வரிசையில நில்லும்மா" என்றார்.

எனக்கு நன்றாகக் கேட்டது.

ஈட்டி மரக் கிதாரையே வாங்கினோம். கிறிஸ்துமஸ் காலையில் முன்வரிசையின் நடுவில் நின்று, கூரை ஓடு எகிற பாடினேன். பக்கத்தில் அம்மா அந்தக் கிதாரோடு உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் அவள் வாசிக்காமல் இருந்ததில்லை. அப்பா அன்று மாலை என்னைச் சாதாரணக் குரலில் சாப்பிடக் கூப்பிட்டார். பழக்கமில்லாததால் யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

வளர்ந்து, வேலைக்குப் போய், எனக்கென்று ஒரு கிதார் வாங்கப் போனபோது அதே பந்தயத்தைச் சிநேகிதர்களோடு வைத்தேன். கண்ணைக் கட்டிக்கொண்டேன். ஒரு சிநேகிதன் வாசித்தான். சீடரைச் சரியாகச் சொன்னேன். அது தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். டப்பாவும் தெரிந்தது. ஆனால் மஹாகனியையும் ஈட்டி மரத்தையும் மாற்றி மாற்றிச் சொல்லி நன்றாக அசடு வழிந்தேன். அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அம்மாவுக்குப் போன் செய்து இதைச் சொல்லி, பத்து வயதில் எப்படி அம்மா எல்லாவற்றையும் சொன்னேன் என்று கேட்டேன்.

அம்மா சிரித்தாள். "எனக்கு எப்படிட்டி தெரியும்? அந்த நாலாவது கிதாரை மடியில வெச்சதுக்கப்புறம் நீ என்ன சொன்ன, யாரு நின்னா, ஒண்ணுமே எனக்கு ஞாபகம் இல்ல."

ஒவ்வொரு மரமும் அம்மாவின் விரலை ஒவ்வொரு விதமாக நடத்தியிருக்கிறது; மரத்தோடு சேர்த்து அந்த விரல்களையும்தான் சுவரைப் பார்த்து நின்று நான் கேட்டிருக்கிறேன். மஃப்ளர் அவிழ்ந்தபோது வாசலில் நின்றவர்களில் பாதிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தது என்னை அல்ல. அது தெரியாமல், அன்று அந்தக் கடையில் ஜெயித்தது நான் ஒருத்திதான் என்ற நினைப்போடு, மாமாவின் தோளில் உட்கார்ந்து வடாபாவ் தின்றுகொண்டே கேம்ப் முழுவதையும் பார்த்துக் கையசைத்துக்கொண்டு வந்தேன்.