மூலையைப் பார்க்கிறவள்

லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டால் மற்றவர்கள் பொத்தானை அழுத்துவார்கள், கதவைத் தட்டுவார்கள், கைபேசியை எடுப்பார்கள். எலி முதலில் மேல்மூலையைப் பார்ப்பாள். அங்கிருந்து யாராவது தன்னைக் கவனிக்கிறார்களா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் பயப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்வாள். கடையில் முன்னால் நிற்பவரின் பை கிழிந்து தக்காளி உருண்டோடினாலும் அதே கதைதான். கை தக்காளிக்குப் போகும், கண் மூலைக்குப் போகும். கல்யாணமான புதிதில் அவள் கணவர், "என்ன, கூரையில பல்லியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது கேட்பதில்லை. பேசாமல் தக்காளியைப் பொறுக்குகிறார்.

ஐம்பதைத் தொடப் போகிறவளுக்கு எலி என்று பேர் வைத்தது பெற்றவர்கள் அல்ல, பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை. மருத்துவமனையில் அவள் மேடம், வீட்டில் அம்மா. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் "அடியே எலி, உயிரோட இருக்கியா?" என்று ஒரு குரல் கேட்டதும் அவள் முகத்தில் இருபது வயது வந்து உட்கார்ந்துகொள்ளும். அது விடுதியில் அவளுடைய அறைத்தோழியாக இருந்த தூங்குமூஞ்சியின் குரல். மூன்று வருடமும் வகுப்பில் தூங்கி வழிந்த அந்தப் புண்ணியவதி இப்போது தூக்கம் வராதவர்களுக்கு ஆலோசனை சொல்லிப் பிழைக்கிறாள்.

எலி ஒரு நாளும் தூங்கவில்லை. அவள் அப்பா பேருந்து ஓட்டுநர். விடுதியில் கொண்டுவந்து விட்ட அன்று பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "எடம் கெடச்சா ஜன்னல் ஓரமா உட்காரு. உள்பக்கம் உட்கார்ந்தாலும் ஊர் போய்ச் சேரலாம். ஆனா வழியில ஒண்ணும் பாக்க முடியாது." அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். தன் வகுப்பு முடிந்தால் விலங்கியல் துறையில் குரங்குகளைப் பற்றிய பாடத்தில் போய் உட்காருவாள். சட்ட மாணவர்கள் பயிற்சிக்காக நடத்தும் பொய் வழக்கில் சாட்சியாக நிற்பாள். சனிக்கிழமைகளில் மனநல விடுதிக்குப் போய், யாரும் பார்க்க வராதவர்களோடு சீட்டாடித் தோற்றுவிட்டு வருவாள். "உனக்கு வேற வேலையே இல்லையா?" என்று போர்வைக்குள்ளிருந்து தூங்குமூஞ்சி கேட்பாள். "இதுதான்டி வேல" என்பாள் எலி.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. மூத்தவர்களின் ஆராய்ச்சிக்கு ஆள் வேண்டும். இளையவர்கள் போய் உட்கார வேண்டும். மற்றவர்கள் தலையெழுத்தே என்று இரண்டொரு முறை உட்கார்ந்துவிட்டு ஓடி வருவார்கள். எலியோ, படிக்கட்டுப் பக்கத்துப் பலகையில் எந்த அறிவிப்பு ஒட்டினாலும் பசை காய்வதற்குள் பேர் கொடுத்துவிடுவாள். ஊரார் பந்திக்கு முந்துவார்கள், இவள் பரிசோதனைக்கு முந்தினாள். பனிக்கட்டித் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு எண்களைத் தலைகீழாகச் சொன்னாள். கண்ணைக் கட்டிக்கொண்டு குப்பி குப்பியாக மோந்து பார்த்தாள். "வகுப்புலயே உங்க மார்க்தான் கடைசி" என்று பொய் சொல்லி, அவள் முகம் போன போக்கை அறையின் மேல்மூலையில் மாட்டியிருந்த கேமராவில் படம் பிடித்தார்கள். அன்று நிஜமாகவே அழுதுவிட்டாள்.

பொய் சொல்லி உட்கார வைத்தால், முடிந்ததும் வந்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்பது துறையின் சட்டம். ஒவ்வொரு முறையும் பக்கத்து அறைக் கதவு திறக்கும். ஆராய்ச்சி மாணவர் சிரித்துக்கொண்டே வந்து, "இது எதுக்குன்னா..." என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் விளக்குவார். கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம் கொடுப்பார். எலிக்கு பிஸ்கட்டைவிட அந்த விளக்கம் பிடித்திருந்தது. நாம் எப்படிப்பட்ட ஆள் என்று இன்னொருவர் வந்து பொறுமையாகச் சொல்லிவிட்டுப் போகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

"பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்னு சொல்லுவாங்க. இங்க எலிக்கே கொண்டாட்டமால்ல இருக்கு!" என்று முதலில் சொன்னவர் ஸ்பேனர் மாமா. அன்று ஒட்டிய பேர்தான். மாமா அந்தத் துறையின் கருவிகளைப் பழுதுபார்ப்பவர். சட்டைப் பையில் குட்டி ஸ்பேனர் ஒன்று எப்போதும் இருக்கும். காலாடும் மேஜையைக் கண்டால் நடுவகுப்பானாலும் குனிந்து முடுக்கிவிட்டுத்தான் நகர்வார். ஆள் போதாத நேரத்தில் பரிசோதனைகளில் நடிக்கவும் அவரைப் பிடித்துப் போடுவார்கள். ஒருநாள் கோபக்கார வாடிக்கையாளர், ஒருநாள் வழி தெரியாத வெளியூர்க்காரர். நடிப்பு சுமார்தான். நடுவில் சிரித்துவிடுவார்.

கடைசி வருடத்தில் ஒரு வாரம், ஆபத்தில் இருப்பவருக்கு யார் உதவுவார்கள் என்ற பாடம் நடந்தது. ஒருவர் விழும்போது பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தால், அடுத்தவன் போவான் என்று பத்துப் பேரும் நின்றுவிடுவார்கள். அப்போது ஒரே ஒருவரைச் சுட்டிக்காட்டி, "நீ போ" என்று சொன்னால் காரியம் நடக்கும். இதைப் படித்த சூட்டோடு எல்லாரும் மூன்றாம் மாடி நடையில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, கருவிப் பெட்டியோடு வந்த ஸ்பேனர் மாமா சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தார். பெட்டி கவிழ்ந்து ஆணிகள் படிக்கட்டில் உருண்டன. முகமெல்லாம் வேர்வை.

யாரும் அசையவில்லை. பயந்து அல்ல. எல்லாரும் புன்னகைத்தார்கள். வேறு எந்தத் துறையில் விழுந்திருந்தாலும் நாலு பேர் ஓடி வந்திருப்பார்கள். உளவியல் படித்த பாவம், "ஓ, நம்மளச் சோதிக்கறாங்க" என்று ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

எலியும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் அவள் பழம் தின்று கொட்டை போட்டவள். சோதனை என்றால் முதல் ஆளாகத் தேற வேண்டாமா? முன்னால் வந்து நின்றாள். "நீ, செவப்புச் சட்ட! ஆம்புலன்ஸ கூப்புடு! நீ, கண்ணாடி! ஆஃபீஸ்ல போய் சொல்லு!" இருவரும் ஓடினார்கள். மாமாவின் காலரைத் தளர்த்தி, தன் மடியில் சாய்த்துக்கொண்டு கையைப் பிடித்தாள். கை சில்லென்று இருந்தது. இந்த முறை மாமா சிரிக்கவே இல்லை என்பதைக் கவனித்து, அவர் காதருகே குனிந்து மனமாரப் பாராட்டினாள்: "சூப்பரா நடிக்கிறீங்க மாமா!" அவர் அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். எலி மேல்மூலையைப் பார்த்து, அங்கிருந்து கவனிப்பவருக்காக லேசாகச் சிரித்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. மாமாவைப் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். எலி நடையிலேயே நின்றாள். ஏதாவது ஒரு கதவு திறக்கும், யாராவது சிரித்துக்கொண்டே வந்து, "இது எதுக்குன்னா..." என்று ஆரம்பிப்பார்கள் என்று காத்திருந்தாள். எந்தக் கதவும் திறக்கவில்லை. மணிக்கட்டில் விரல் தடங்கள் சிவந்திருந்தன. அப்போதுதான் அது நடிப்பு இல்லை என்று அவளுக்கு உறைத்தது.

மாமா பிழைத்துக்கொண்டார். மாரடைப்பு, கொஞ்சம் தாமதித்திருந்தாலும் போயிருக்கும் என்றார் டாக்டர். துறையில் கூட்டம் போட்டு எலிக்குக் கைதட்டினார்கள். திரும்பி வந்த மாமா பார்க்கிறவர்களிடமெல்லாம், "இந்தப் பொண்ணு இல்லேன்னா நான் இல்ல" என்றார். ஒருநாள் தனியாக இருந்தபோது, "என் காதுல என்னமோ சொன்னியேம்மா, என்ன சொன்ன?" என்று கேட்டார். எலி தரையைப் பார்த்தாள். "தைரியமா இருங்கன்னு சொன்னேன் மாமா" என்றாள். "ஓகோ" என்று ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

உண்மையை அவள் சொன்னது தூங்குமூஞ்சியிடம் மட்டும். அவள் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "பொழச்சாருல்ல? அப்புறம் என்னடி?" அப்புறம் என்ன என்பதுதான் இத்தனை வருடமாக எலியைக் குடைகிறது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்திருந்தால் போயிருப்பேனா? நான் நல்லவளா, இல்லை, நன்றாகப் பரிசோதனைக்கு உட்காருகிறவளா? மூன்று வருடத்தில் எத்தனையோ பேர் வந்து அவளைப் பற்றி அவளுக்கே விளக்கிவிட்டுப் போனார்கள். இந்த ஒன்றுக்கு மட்டும் ஒருவரும் வரவில்லை. அன்றிலிருந்து உதவப் போகும்போதெல்லாம் கண் தானாக மூலைக்குப் போகிறது. ஆனாலும் அந்த மூன்று வருடங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் அவள் குரல் இளகிவிடும். அந்த நடை, பசை வாசனை, மத்தியான வெயில் விழும் படிக்கட்டு எல்லாவற்றையும் அவள் இன்றும் நேசிக்கிறாள். அந்த நேசத்துக்குள் ஒரு முள்ளும் இருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது மருத்துவமனையில் முதியவர்களின் ஞாபகத்தைச் சோதிப்பது அவள் வேலை. அறையில் ஒரே உயரத்தில் இரண்டு நாற்காலிகள். கடிகாரம் வருகிறவரின் முதுகுக்குப் பின்னால். மணி என்ன இருக்கும் என்பதும் ஒரு கேள்வி. மேல்மூலையில் ஒரு கேமரா. பயிற்சி மாணவர்கள் பக்கத்து அறையிலிருந்து பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். பதில் வராமல் யாராவது கலங்கினால், "இது பரீட்ச இல்லப்பா, வாய்ல வர்றத சொல்லுங்க" என்பாள். முடிந்ததும் மேஜை இழுப்பறையிலிருந்து பிஸ்கட் எடுத்து நீட்டுவாள். பழைய கடன் மாதிரி ஒரு பழக்கம்.

போன மாதம் ஒரு மருமகள் தன் மாமனாரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். பெரியவர் உட்கார்ந்ததும் மேஜையை ஆட்டிப் பார்த்தார். குனிந்து அதன் காலைத் தடவினார். பிறகு கை சட்டைப் பைக்குப் போய், எதையோ தேடி, வெறுமனே திரும்பியது. எலிக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. தெரிந்தவர் வந்தால் சக ஊழியரிடம் அனுப்புவதுதான் முறை. சக ஊழியர் விடுப்பில் இருந்தார். "அடுத்த மாசம்தான் வேற ஆள் வருவாங்க. எனக்கு இவர முன்னாடியே தெரியும். நான் பாக்கலாமா?" என்று மருமகளைக் கேட்டாள். "தெரிஞ்சவங்கன்னா நல்லதுதான மேடம்?" என்று அவள் வெளியே போய் உட்கார்ந்தாள்.

ஸ்பேனர் மாமாவுக்கு எலியைத் தெரியவில்லை. சாவி, படகு, கம்பளி, விளக்கு, தோட்டம் என்று அவள் சொன்ன ஐந்து வார்த்தைகளில் சாவி மட்டும் நின்றது. "போகட்டும் மாமா" என்று வாய்தவறிச் சொன்னாள். "பழசு ஏதாவது ஞாபகம் இருந்தா சொல்லுங்க. எதுவானாலும் சரி."

பெரியவர் முகம் தெளிந்தது. "ஒரு தடவ நெஞ்ச வலிச்சு விழுந்துட்டேன். காலேஜுல. ஒரு பொண்ணு வந்து மடியில சாச்சுக்கிட்டா. காதுல என்ன சொன்னா தெரியுமா? சூப்பரா நடிக்கிறீங்க மாமான்னா!" அவர் தோள் குலுங்கச் சிரித்தார். "அடிப்பாவி, சாகறவன்கிட்ட சொல்ற பேச்சா இது! எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. பொழச்சு எழுந்து இவ தலையில ஒரு குட்டு குட்டணும்னு தோணிச்சு."

"குட்டினீங்களா?" எலி முன்னால் சாய்ந்து கேட்டாள்.

"எங்க? அப்புறம் அவகிட்ட கேட்டேன், காதுல என்ன சொன்னன்னு. தைரியமா இருங்கன்னு சொன்னேன்னா. முகத்தப் பாத்தேன், பாவமா இருந்திச்சு. விட்டுட்டேன்." சற்று யோசித்தார். "என் கையி அப்ப பனிக்கட்டி. நான் வேற அவ கைய நசுக்கறேன். பக்கத்துல நிக்கறதுங்க எல்லாம் சிரிக்குதுங்க. இவ மட்டும் விடவே இல்லம்மா, வண்டி வர்ற வரைக்கும். நடிக்கிறவன் கைய யாராவது அவ்ளோ நேரம் புடிச்சுக்கிட்டு இருப்பாங்களா?"

எலி பழக்க தோஷத்தில் இழுப்பறையைத் திறந்து பிஸ்கட்டை எடுத்து நீட்டினாள். பெரியவர் பொட்டலத்தைப் பிரித்து, முதல் பிஸ்கட்டை எடுத்து அவளிடமே நீட்டினார். "நீ சாப்புடும்மா மொதல்ல. என்னமோ அழுத மாதிரி இருக்கு கண்ணு."

பக்கத்து அறையில் இருந்த பயிற்சி மாணவர்கள், மேடம் வழக்கம்போல மூலையைப் பார்ப்பாள் என்று காத்திருந்தார்கள். அவள் பார்க்கவில்லை. கைகள் இரண்டையும் நீட்டி பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு, அங்கேயே மெல்லக் கடித்துத் தின்னத் தொடங்கினாள்.