வெள்ளைக்கு ஒரு சுவர்

ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஹால் விளக்கை அணைத்து, இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜட்ஜய்யா டார்ச்சை அழுத்துகிறார். எதிர்ச் சுவரில் ஒரு வட்டம் விழுகிறது. நடுவில் பளிச்சென்று இருந்து, ஓரம் போகப் போகக் கரைகிறது. மூச்சைக்கூட அளந்துதான் விடுகிறார்.

"பார்த்தீங்களா சார், ஓரத்துல லேசா பச்சை அடிக்குது."

எனக்குப் பச்சையும் தெரியவில்லை, ஒரு மண்ணும் தெரியவில்லை. அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவன், நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டியவன் என்பதால் "ஆமாம், அடிக்குது" என்று சொல்லிவைப்பேன்.

அவர் கோர்ட்டுப் படி ஏறியவர் இல்லை. கார் பட்டறையில் பெயின்ட் கலப்பவர். இடிபட்ட காரில் ஒரு கதவை மட்டும் புதிதாக அடித்தால், அது பழைய உடம்போடு ஒட்டிப்போக வேண்டும். வெயிலில் வெளுத்த சிவப்புக்கு வெளுத்த சிவப்பையே கலக்க வேண்டும். கம்ப்யூட்டர் ஓர் அளவு சொல்லும். அதை மரியாதைக்குக் கேட்டுக்கொண்டு, தன் இஷ்டத்துக்கு ஒரு சொட்டுக் கறுப்பை விட்டுக் கிளறி, தகட்டில் தடவி, டார்ச் அடித்துப் பார்ப்பார். தொழிலுக்கென்று வாங்கிய அந்த டார்ச்தான் பைத்தியமாக முற்றிவிட்டது. இப்போது அலமாரியின் மேல்தட்டு முழுக்க டார்ச்சுகள். மனைவியின் துணிகள் கீழ்த்தட்டுக்கு இறங்கி ரொம்ப நாளாகிறது.

ஜட்ஜ் என்ற பட்டம் போனில் இருக்கும் ஒரு குழு கொடுத்தது. ஒரு பல் டாக்டர், ஒரு டாக்ஸிக்காரர், கப்பலில் சமைக்கும் ஒருவர், இன்னும் இவர்களைப் போல் பலர். நேரில் யாரும் யாரையும் பார்த்ததில்லை. எல்லோரும் தவம் கிடப்பது ஒரே ஆளுக்காக. வேறோர் ஊரில், தனி ஆளாக, செம்பை லேத்தில் கடைந்து கையாலேயே டார்ச் செய்கிற ஒரு வாலிபர். குழுவில் அவர் பெயர் கடைசல்காரர். ஒரு முறைக்குக் விரல்விட்டு எண்ணும்படிதான் செய்வார். அடுத்தது எப்போது என்று கேட்டால் "பார்க்கலாம்" என்பார். அந்த ஒரு சொல்லை மென்றே இவர்கள் மாதக்கணக்கில் ஓட்டுவார்கள்.

போன மழைக்காலத்தில் கடைசல்காரர் ஒரு படம் போட்டார். தட்டு நிறைய, கடையும்போது உதிர்ந்த செம்புச் சுருள்; வேறொன்றும் இல்லை. குழுவுக்குத் தலைகால் புரியவில்லை. சுருளின் அகலத்தை வைத்து டார்ச்சின் பருமனைக் கணக்குப் போட்டார் பல் டாக்டர். ஸ்விட்ச் பின்னால் வருமா, பக்கத்தில் வருமா என்பதில் டாக்ஸிக்காரருக்கும் கப்பல் சமையல்காரருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. ஜட்ஜய்யா படத்தை மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

"என்னங்க இது, பாத்திரம் தேய்க்கிற கம்பிநாரா?"

போனைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அன்றைக்குச் சீக்கிரமே பட்டறைக்குக் கிளம்பிவிட்டார்.

இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசல்காரர் முதலில் ஒரே ஒரு மாதிரி டார்ச்சைச் செய்து ஜட்ஜய்யாவுக்கு அனுப்புவார். வெளிச்சம் சுத்த வெள்ளையாக இருக்கிறதா, மஞ்சளோ பச்சையோ கலந்திருக்கிறதா என்று இவர் பார்த்து "சரி" என்று எழுதினால்தான் மற்ற டார்ச்சுகளுக்குள் பல்பு ஏறும். அதற்காகவே ஹால் சுவர் ஒன்றைப் பட்டறை வெள்ளையால் தானே அடித்து வைத்திருக்கிறார். அதில் ஆணி அடிக்கக் கூடாது, சாயக் கூடாது. "கல்யாண போட்டோ பீரோவுக்குப் பின்னாடி கிடக்கு சார்" என்று அவர் மனைவி என்னிடம் ஒருமுறை புகார் சொன்னார்.

தீர்ப்பு சொல்வதற்கு ஒரு கண்தான். "வலது கண்ணுதான் சார் ஜட்ஜ். இடது கண்ணு வெறும் குமாஸ்தா. ரெண்டும் ஒரே நேரத்துல பேசுனா கேஸ் கெட்டுடும்."

இந்த முறை மாதிரி வந்தது. பார்த்துவிட்டு "மஞ்சள்" என்று எழுதினார். கடைசல்காரர் பல்பை மாற்றி அனுப்பினார். மறுபடியும் "மஞ்சள்". குழுவில் முணுமுணுப்பு எழுந்தது. "நான் கப்பல் ஏறுறதுக்குள்ள தீர்ப்பு வருமா?" என்று கேட்டிருந்தார் சமையல்காரர். கடைசல்காரரே போன் செய்தார்.

"அண்ணே, கலர் மீட்டர் வச்சுப் பார்த்துட்டேன். சுத்த வெள்ளைன்னுதான் காட்டுது."

"மீட்டர் என்ன தம்பி, பெயின்ட் அடிச்சிருக்கா?"

"இல்லண்ணே... எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"இன்னும் கொஞ்சம் காத்திருக்கட்டும். நம்ம கைல இருந்து மஞ்சள் போகக் கூடாது."

வீட்டிலும் அதே கதைதான். ஹால் பல்பு மஞ்சள் என்று கழற்றினார்; புதிதாகப் போட்டதும் மஞ்சள் என்றார். வெள்ளைச் சுவர் பழுத்துவிட்டதென்று திரும்ப அடித்தார். அந்த வாரம்தான் பட்டறையில் அவர் கலந்து அடித்த வெள்ளைக் கார்க் கதவு ஒன்று திரும்பி வந்தது. நீலம் பாய்ந்திருக்கிறது என்றார் கார்க்காரர். அன்று பட்டறைப் பக்கம் போயிருந்த நானும் பார்த்தேன்; எனக்கே தெரிந்தது. முதலாளி திட்டவில்லை. அடுத்து வந்த வெள்ளைக் காரை இன்னொரு ஆளிடம் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான். "ஏதோ கை தப்பிடுச்சு சார்" என்றார் ஜட்ஜய்யா என்னிடம்.

"ஒரு நடை கண் டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாமேங்க" என்று மனைவி சொல்லிப் பார்த்தார்.

"யாரு கண்ணை?" என்று இவர் திரும்பிக் கேட்ட வேகத்தில் அந்தப் பேச்சு அங்கேயே செத்துப்போனது.

மூன்றாவது மாதிரி போன வாரம் சாயங்காலம் வந்தது. பார்சல்காரர் வாசலில் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் எடுத்துக்கொண்டு உள்ளே போனால், ஜட்ஜய்யா வலது கண்ணில் ஈரத்துணியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டறையில் தகடு தேய்த்த தூசி விழுந்துவிட்டதாம். மனைவி தண்ணீர் விட்டுக் கழுவி, துணியை எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். பார்சலைப் பார்த்த மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு மறுகையாலும் பல்லாலும் பிரித்தார். திரையை நான் இழுத்தேன். விளக்கை மனைவி அணைத்தார். கைப்பிடிக்குள் அடங்கும் செம்பு டார்ச். அழுத்தினார்.

"அடடா! வெள்ளை! இதுதான் சார் வெள்ளை! பையன் புடிச்சுட்டான்!"

அவ்வளவு சந்தோஷத்தில் அவரை நான் பார்த்ததே இல்லை. மனைவியும் சிரித்தார். "அப்ப தீர்ப்பை எழுதிடுங்க" என்றேன்.

"குமாஸ்தா பார்த்தாப் போதுமா? ஜட்ஜ் பார்க்க வேணாமா?"

துணியை எடுத்தார். சிவந்திருந்த கண்ணைச் சிமிட்டிச் சரிசெய்துகொண்டு, வழக்கம்போல் இடது கண்ணை மூடிப் பார்த்தார். உதட்டில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது, பிறகு இல்லை. துணியை மறுபடி வலது கண்ணில் வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார். எழுந்து போய், முதல் இரண்டு மாதிரிகளையும் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக அதே சுவரில் அடித்து, அதே மாதிரி கண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தார். எங்கள் கண்ணுக்குச் சுவரில் ஒன்றும் மாறவில்லை. மூன்றும் வெள்ளையாகத்தான் இருந்தன.

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மஞ்சள் இத்தனை நாளும் அவருடைய வலது கண்ணில் இருந்திருக்கிறது. அந்தக் கண்ணை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது. அவர் மனைவி எனக்கு முன்பே புரிந்துகொண்டிருக்க வேண்டும். விளக்கைப் போடப் போன கையை எடுத்துவிட்டார்.

போன் கத்தியது. டாக்ஸிக்காரர்: "ஜட்ஜய்யா, தீர்ப்பு?"

அவர் "சரி" என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, அதன் கீழே "முதல்ல வந்த ரெண்டும் சரிதான். தப்பு என் பக்கம்" என்று சேர்த்தார். குழு அதில் முதல் சொல்லை மட்டும்தான் படித்தது போலிருக்கிறது. போன் துள்ள ஆரம்பித்தது. அதைக் கவிழ்த்து வைத்தார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். அதில் பெயின்ட் டப்பாவோடு இலவசமாக வந்த குட்டி டார்ச் ஒன்று தொங்கும். "மின்மினி" என்று அவரே கேலி செய்வது. அதை எரியவிட்டு மனைவி கையில் கொடுத்தார். வெள்ளைச் சுவரில் முதுகு சாய்த்து ஸ்டூலில் உட்கார்ந்து, முகத்தை நிமிர்த்தி, இரண்டு விரலால் வலது கண்ணை அகலத் திறந்து மனைவிக்குக் காட்டினார்.